பகலில் ஒன்றுமில்லை, ராத்திரியில் மட்டும் ஏன் இந்த இருமல்?

போன வருடம் ஐப்பசி மழையில் என் மகளுக்குச் சாதாரணச் சளிதான் பிடித்தது. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. காய்ச்சல் இரண்டே நாளில் விட்டது, மூக்கு ஒழுகுவதும் ஒரு வாரத்தில் நின்றது, இருமல் மட்டும் போகவே இல்லை. பகலில் ஓடுகிறாள், குதிக்கிறாள், ஒன்றுமே தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் ஆனால் போதும், தொடங்கிவிடும். இருமி இருமி முகம் சிவந்து, குடித்த பாலோடு சளியையும் சேர்த்து வாந்தி எடுத்து, அப்புறம் என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போவாள். விடிகாலையில் மறுபடியும் ஒரு சுற்று. "தயிர் கொடுத்தியா? வாழைப்பழம் கொடுத்தியா?" என்று அம்மா போனில் கேட்பார்.

மூன்றாவது வாரம், பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவள் இருமுகிற நேரத்தையெல்லாம் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். ஐந்து ராத்திரி குறித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இருமல் கண்ட நேரத்தில் வரவில்லை. படுத்ததிலிருந்து ஒரு மணி நேரம், அதற்கப்புறம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில். நடுவில் கிட்டத்தட்ட நிம்மதி. அந்த இரண்டு நேரங்களுக்கும் இரண்டு வேறு காரணங்கள் இருந்தன.

முதலில் இருமல் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அது இரண்டாகப் பிரியும் கவட்டிலும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. தூசியோ சளியோ புகையோ பட்டால் வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குச் செய்தி போகும். உடனே ஓர் ஆழமான மூச்சு உள்ளே போகும், குரல்வளை கிட்டத்தட்ட கால் நொடி இறுக மூடிக்கொள்ளும், அடைபட்ட காற்றை வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் சேர்ந்து அழுத்தும், பிறகு மூடி திறந்து காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். அந்த வேகத்தில் சளி பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். தொடர்ந்து இருமிய குழந்தை மறுநாள் "வயிறு வலிக்குதும்மா" என்று சொல்வது அந்தத் தசைகள் களைத்துப்போவதால்தான்.

இருமல் கடைசிக் கட்டக் காவல். அதற்கு முன்னால் சத்தமில்லாமல் இன்னொரு வேலை எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. நொடிக்குப் பத்து இருபது தடவை அசைந்து, மேலே படிந்திருக்கும் சளிப்படலத்தைத் தூசியோடும் கிருமியோடும் சேர்த்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடும், நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுவோம். சளிக் காய்ச்சல் வைரஸ் வந்தால் இந்த நுண்மயிர்கள் உள்ள செல்களே உதிர்ந்துபோகின்றன. வைரஸ் போன பிறகும் அவை மறுபடி முளைத்து ஒழுங்காக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை சளியை வெளியேற்ற இருமலை விட்டால் வேறு வழி இல்லை. அதோடு, தோல் உரிந்த இடத்தில் லேசாகப் பட்டாலே எரிவதுபோல, நரம்பு முனைகளும் கொஞ்சம் குளிர்ந்த காற்று பட்டாலே துள்ளும்.

அதனால்தான் காய்ச்சல் விட்டும் இருமல் விடுவதில்லை. சாதாரணச் சளியோடு வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கிறது, பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க 25 நாள் வரை ஆகிறது. பள்ளிக்குப் போக ஆரம்பித்த சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும், நமக்கு மூன்று மாதமாக ஒரே இருமல் என்று தோன்றும். எனக்கு மிகவும் ஆறுதல் தந்த கணக்கு இன்னொன்று. லண்டனில் 1996-ல் சளி எதுவும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளின் இருமலைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ஆரோக்கியமான அந்தப் பிள்ளைகளே ஒரு நாளைக்குச் சராசரியாக 11 தடவை இருமினார்கள்.

இப்போது ராத்திரிக்கு வருவோம். நிமிர்ந்து இருக்கும்போது மூக்கில் ஊறும் சளி முன்பக்கமாக ஒழுகும், பின்பக்கம் வருவதைக் குழந்தை விழுங்கிவிடும். படுத்தால் அது தொண்டையின் பின்சுவரில் வழிந்து குரல்வளை வாசலில் தேங்குகிறது. மூக்கும் படுத்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் தலைப்பக்க ரத்த ஓட்டம் கூடி மூக்கின் உள்சதை வீங்குகிறது. மூக்கு அடைத்தால் வாய் வழியாக மூச்சு. மூக்கு என்பது காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புகிற இடம். வாய் வழியாகப் போகும் ஏசிக் காற்று அப்படியே காய்ந்து, குளிர்ந்து, புண்பட்ட மூச்சுக்குழாயில் போய் அடிக்கும். படுத்த முதல் ஒரு மணி நேரத்து இருமலுக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் காரணம்.

நன்றாகத் தூங்கிய பிறகு ஏன் குறைகிறது? ஆழ்ந்த தூக்கத்தில் இருமல் உணர்ச்சியே மந்தமாகிவிடுகிறது. இருமுவதற்குப் பெரும்பாலும் தூக்கம் கொஞ்சமாவது கலைய வேண்டும். இதைப் படித்த பிறகுதான், அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் பதறி எழுந்துபோய்த் தூக்குவதை நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்தால் பல தடவை அவளாகவே மறுபடி தூங்கிவிட்டாள்.

விடிகாலை இருமல் வேறு கதை. நம் உடலில் வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். மூச்சுக்குழாயை விரிய வைக்கும் அட்ரினலினும் ராத்திரியில் இறங்கி, விடிகாலை நாலு மணிவாக்கில் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நல்ல ஆரோக்கியமானவருக்கும் மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது, நமக்குத் தெரிவதில்லை. இளைப்பு, அதாவது வீசிங் உள்ள குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே அதிகம்.

ஏன் அதிகம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் வழி 2 மில்லிமீட்டராகிவிடும். குழாய் பாதியாகச் சுருங்கினால் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும், ஆனால் அது 16 மடங்கு ஆகிறது. 8 மில்லிமீட்டர் குழாய் உள்ள பெரியவருக்கு அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் தடையைச் சுமார் மூன்று மடங்குதான் கூட்டும். "எனக்கும்தான் சளி, நான் இப்படியா இருமுகிறேன்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் படுக்கும் அறையைப் பாருங்கள் என்பேன். எங்கள் வீட்டில் மழைக்காலம் வந்தால் கொசுவர்த்திச் சுருள் கட்டாயம். ஜன்னலை அடைத்து, சுருளைக் கொளுத்தி, அதே அறையில் குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை கொளுத்தினால் வருவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதைப் படித்த அன்றே சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டினோம். சாயங்காலம் போடும் சாம்பிராணியும் புகைதான், மணமாக இருப்பதால் நெஞ்சுக்கு நல்லதாகிவிடாது. பழைய பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் பொம்மைகளிலும் தூசிப்பூச்சி வாழும். உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டால் அது குறையும்.

படுப்பதற்கு முன் இரண்டு மூக்கிலும் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டால் சளி இளகும், மூக்கு திறக்கும், பின்பக்கம் வழிவது குறையும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். பாட்டிகள் சொன்ன இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் செய்த சோதனையில், மருந்தே கொடுக்காதவர்களைவிடத் தேன் சாப்பிட்டவர்கள் ராத்திரியில் குறைவாக இருமினார்கள். இஸ்ரேலில் 2012-ல் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளிடமும் அதே பலன் தெரிந்தது. ஆனால் ஒரு வயதுக்குள் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கி உடலையே துவளச் செய்துவிடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். தலையை உயர்த்த வேண்டும் என்று கைக்குழந்தைக்குத் தலையணை வைப்பதும் வேண்டாம், மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு.

தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் வருகிறேன். அவை சளியை உண்டாக்குவதில்லை. பால் குடித்தால் எச்சில் கெட்டியானதுபோல் தொண்டையில் ஓர் உணர்வு வரும், சளி கூடாது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குப் படுக்கும் நேரத்தில் வயிறு முட்டப் பால் கொடுக்காமல், கொஞ்சம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள், அது போதும்.

இருமல் சிரப் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து உறுதியாக இருங்கள். சின்னக் குழந்தைகளின் இருமலை அவை நிறுத்துவதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, தூக்கக் கலக்கம், படபடப்பு, அளவு கூடினால் மூச்சுத் திணறல் எல்லாம் வரும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அவர்கள் குடித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருந்ததும் என் மகளுக்கு வந்ததுபோன்ற சளிதான். இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்துகள் கூடவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டது என்று சொன்ன மருந்தை, எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவும் பழக்கமும் இப்படித்தான். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், கையில் ஒட்டியதைக் குழந்தை வாயில் வைத்தால் வலிப்பே வரலாம். ஆவி பிடிக்க வைக்கிறேன் என்று கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கொட்டினால் இருமலைவிடப் பெரிய துன்பம்.

சில இருமல்களுக்குக் காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியில் திடீரென்று நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால் அது குரல்வளை வீக்கம். குழந்தையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு கிளம்புங்கள், பெரும்பாலும் ஒரே வேளை மருந்தில் அடங்கிவிடும். விடாமல் இருமி, கடைசியில் கூவுவதுபோல மூச்சை இழுத்தால் கக்குவான் இருமலாக இருக்கலாம். கடலை தின்னும்போது புரையேறி, அன்றிலிருந்து இருமல் என்றால் கடலை மூச்சுக்குழாயில் மாட்டியிருக்கலாம், எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், அல்லது இரண்டு வாரம் தாண்டியும் இருமலோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் எட்டினால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாலு வாரம் தாண்டிய இருமலை ஒரு முறை காட்டிவிடுங்கள்.

எங்களுக்கும் நாலு வாரம் தாண்டியது. கொசுவர்த்தியை நிறுத்தி, மூக்குச் சொட்டு மருந்து போட்டதில் படுத்தவுடன் வரும் இருமல் குறைந்தது, விடிகாலை இருமல் மட்டும் அப்படியே இருந்தது. காலண்டர் தாளையும், நாலரை மணிக்குப் போனில் எடுத்த வீடியோவையும் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். பகல் பதினோரு மணிக்கு அவர் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்தது. வீடியோவை இரண்டு தடவை காதருகே வைத்துக் கேட்டார். இருமலுக்கு நடுவே மூச்சு விடும்போது மெல்லிய விசில் ஒன்று இருந்தது, ராத்திரியில் நான் அதைக் கவனித்ததே இல்லை. குடும்பத்தில் யாருக்கு இளைப்பு என்று கேட்டார், என் அப்பாவுக்கு உண்டு.

இன்ஹேலர் என்றதும் எனக்குப் பயம் வந்தது, பழகிவிடுமோ என்று. டாக்டர் பழகாது என்று சொல்லி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மூச்சுக்குழாயை விரிய வைக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து, அது வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்குப் போகும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், நேராக மூச்சுக்குழாய்க்கே போகும். ஒரு ஸ்பூன் சிரப்பில் இருப்பது இருபது அழுத்தத்துக்குச் சமம். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயில் முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, ஒரு தடவை அழுத்தி, அவள் ஐந்தாறு முறை மூச்சு விடும்வரை எடுக்கக் கூடாது. அவள் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது, விரல் விட்டு எண்ணச் சொன்னேன்.