ஒரே மாத்திரை, இரண்டு ஆய்வு, இரண்டு விடை

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் மாரடைப்பு குறையுமா? அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு, 1,20,000-க்கும் அதிகமான செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஹார்மோன் எடுத்தவர்களிடம் இதயநோய் கிட்டத்தட்ட பாதிதான் என்று 1991-இல் அறிவித்தது.

அதன்பின் 16,608 பெண்களைக் கொண்டு வேறொரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு இருவகை ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. 2002-இல் இதை நடுவிலேயே நிறுத்தினார்கள். ஹார்மோன் பிரிவில் 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு 7 பேர் கூடுதலாக இதயநோய்க்கும், 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கும் ஆளாகியிருந்தார்கள்.

ஏன் இந்த முரண்? செவிலியர் ஆய்வில் யார் மாத்திரை எடுப்பது என்பதை ஆய்வாளர்கள் முடிவுசெய்யவில்லை. தானாக விரும்பி எடுப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள், உடலைப் பேணுகிறவர்கள். இதயத்தைக் காத்தது மாத்திரையா, அந்தப் பழக்கங்களா? புகை, எடை என அளந்து வைத்த வேறுபாடுகளைக் கணக்கில் சரிக்கட்டலாம். அளக்காததை என்ன செய்வது? இரண்டாவது ஆய்வில் குலுக்கல்தான் பிரித்தது. நாம் யோசித்தே பார்க்காத வேறுபாடுகளும் அதில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். வயதுக்கும் இதில் பங்குண்டு: குலுக்கல் ஆய்வுப் பெண்களின் சராசரி வயது 63, செவிலியர்களில் பலர் மாதவிடாய் நின்றவுடனேயே மாத்திரையைத் தொடங்கியவர்கள். அதனால் எந்த ஆய்வைப் படித்தாலும், எத்தனை பேர் என்பதற்கு முன்பு, யார் எப்படி எந்தப் பிரிவுக்குள் வந்தார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

குலுக்கலைக் காப்பதும் ஒரு கலை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நோயாளியைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்த பிறகே ஒட்டிய உறையைப் பிரிப்பார்கள். எந்தப் பிரிவு என்பது உள்ளே இருக்கும் அட்டையில் இருக்கும். பிழைக்கக்கூடியவராகப் பார்த்து மருந்துப் பக்கம் தள்ள மருத்துவரால் முடியாது.

அந்த ஆய்வை வடிவமைத்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், புகைபிடித்தலை ஆராய வந்தபோது குலுக்கலைக் கைவிட்டார். யாரையும் இருபது ஆண்டுகள் புகைக்கச் சொல்ல முடியாதே! அவரும் மருத்துவர் ரிச்சர்ட் டாலும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் பிற நோயாளிகளையும் பழைய பழக்கம் பற்றி விசாரித்து 1950-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிய நோய்களுக்கு இந்த வழி விரைவானது, செலவும் குறைவு. ஆனால் நோயில் விழுந்தவர் தன் கடந்தகாலத்தைத் துருவித் துருவி நினைப்பார். மற்றவர் அப்படி நினைப்பதில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடும் கணக்கெடுப்பு இன்னும் பலவீனமானது: நடக்காததால் மூட்டுவலியா, மூட்டுவலியால் நடக்கவில்லையா என்றுகூட அது சொல்லாது.

ஆகவே 1951-இல் இருவரும் திசையை மாற்றினார்கள். பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, ஏறத்தாழ 40,000 பேரின் புகைப்பழக்கத்தை நோய் வருமுன்பே பதிந்துகொண்டு காத்திருந்தார்கள். 1954-இல் வந்த முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் 36 மட்டுமே. ஆனாலும் புகைத்த அளவு கூடக்கூட இறப்பு விகிதமும் ஏறியிருந்தது. நினைவுப் பிழை நுழைய இந்த முறை வழியில்லை.