பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சாலை

பேரிடர் நேரத்தில் ஊரைக் காலி செய்யும் திட்டங்களைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. புதிதாக ஓர் ஊரின் வரைபடம் கைக்கு வந்தால், வெளியே போக எத்தனை வழி என்றுதான் முதலில் எண்ணுவேன். அமெரிக்காவின் மேற்கே, காட்டை ஒட்டிய மலை ஊர்களில் பல நேரம் ஒன்றுதான் தேறும், மிஞ்சினால் இரண்டு. மற்ற பக்கமெல்லாம் தேசியக் காடு அல்லது வனவிலங்குக் காப்பிடம். வரைபடத்தில் அந்தப் பச்சைக்குள் முன்பு மரம் ஏற்றிய வண்டிகள் போன பழைய பாதைகள் மெல்லிய கோடுகளாக ஓடும். ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து வந்து அதில் விரலை வைத்து, "இதோ வழி இருக்கிறதே" என்பார்கள்.

அப்படி ஒரு கோட்டை நம்பி, ஒத்திகைக்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தோம். சில மைல் தாண்டியதும் இரும்பு கேட். தீயணைப்பு நிலையத்தில் கொடுத்திருந்த சாவி சேரவில்லை. நிலத்தைப் பராமரிக்கும் அலுவலகம் எப்போதோ பூட்டை மாற்றியிருக்கிறது, யாருக்கும் சொல்லவில்லை. கேட்டைச் சுற்றி நடந்து போனால், ஓடைக்கு மேல் இருந்த சிறுபாலத்தை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. காய்ந்த பகல் வெளிச்சத்திலேயே எங்கள் வண்டிகளைப் பின்னால் எடுத்துத் திருப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புகைக்குள், குழந்தைகளோடும் முதியவர்களோடும், பின்னால் நூறு கார்கள் நிற்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"உயிர் போகிற நேரத்தில் சட்டமா தடுக்கப் போகிறது?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் தடுக்காது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், அது காக்கும் நிலங்களில் சாலையையும் மோட்டார் வண்டியையும் தடை செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து வந்தால் விலக்கும் தருகிறது. தீயைக் கட்டுப்படுத்தவும் தனியாக இடம் கொடுக்கிறது. ஹெலிகாப்டர் இறங்கலாம், தீயணைப்பு வண்டி போகலாம். 2001இல் சுமார் 5.85 கோடி ஏக்கர் தேசியக் காட்டுக்காக வந்த சாலையற்ற பகுதி விதியிலும், வெள்ளமோ தீயோ உடனடியாக மிரட்டினால் சாலை போடலாம் என்று எழுதினார்கள். எனக்கு உறுத்துவது அந்த "உடனடியாக" என்ற சொல். புகை கண்ணுக்குத் தெரிந்த பிறகு சாலை போட முடியாது. விலக்கு ஒருநாள் அனுமதிதான். சாலைக்கு வேண்டியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைக்கிற அனுமதி, பிறகு ஆண்டுதோறும் பராமரிப்பு.

கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை இந்தத் துறையில் யாரும் மறக்க முடியாது. 2018 நவம்பர் 8 அன்று சுமார் 26,000 பேர் வாழ்ந்த அந்த மலைமுகட்டில் தீ சில மணி நேரத்தில் பரவியது. இறந்தவர்கள் 85 பேர். அதற்குப் பத்தாண்டு முன்பு, 2008இல், அதே முகட்டில் தீ வந்தபோதே சாலைகள் திணறின. அந்தப் பாடத்தால்தான் முகட்டின் வடக்கே காட்டுக்குள் போன மண்பாதையைத் தார்ச்சாலையாக்கினார்கள். புதிதாகக் காட்டை வெட்டித் திறக்கவில்லை, ஏற்கெனவே இருந்த தடத்தையே பலப்படுத்தினார்கள். என் அனுபவத்தில் இதுதான் சரியான வழி. ஊர் முழுவதையும் அது ஒன்றே காப்பாற்றிவிடாது என்பதையும் அந்த நாள் காட்டியது. சாலை நன்றாக இருந்தாலும் அதன் இரு பக்கமும் எரிந்தால் அதுவே மரணப் பொறியாகிவிடும். போர்ச்சுகலில் 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தே தீயில் இறந்த 66 பேரில் 47 பேர் ஒரே சாலையிலும் அதன் ஓரத்திலும் உயிரிழந்தவர்கள், தப்பி ஓடும்போது. சாலையோரப் புதர்களை நீக்குவதைச் சாலை போடுவதோடு சேர்த்தே சட்டத்தில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் இதில் ஓரளவு உதவுகிறது. சாலை போன்ற தடங்களை ஒட்டி 1,000 அடி அகலம், 3,000 ஏக்கர் வரை தீத்தடுப்புப் பட்டைகளை நீண்ட சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அமைக்க அது வழி செய்கிறது.

கலிபோர்னியா மாநிலமும் தன் பங்குக்குச் சட்டம் செய்திருக்கிறது. ஆபத்துப் பகுதியில் இரண்டு வெளியேறும் வழிகூட இல்லாத குடியிருப்புகள் எவை என்று உள்ளாட்சிகள் அடையாளம் காண வேண்டும் என்கிறது 2019இன் ஒரு சட்டம். இருக்கும் வழிகள் எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிடச் சொல்கிறது அதே ஆண்டின் இன்னொன்று. நல்ல சட்டங்கள், நான் தினமும் பயன்படுத்துபவை. ஆனால் இரண்டாவது வழி கூட்டரசு நிலத்தின் வழியாகத்தான் போக முடியும் என்றால், நகராட்சி அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. 1976ஆம் ஆண்டின் பொது நில மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வழியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வனாந்தரமாக அறிவித்த நிலத்துக்கு அந்தக் கதவும் கிடையாது, நாடாளுமன்றம்தான் தனிச்சட்டம் போட வேண்டும்.

தனிச்சட்டம் என்றாலே சந்தேகமும் கூடவே வரும். அலாஸ்காவின் கிங் கோவ் ஊர்க்காரர்கள், அவசர நோயாளிகளைக் கோல்ட் பே விமானத் தளத்துக்குக் கொண்டுபோக இசெம்பெக் காப்பிடம் வழியாகச் சாலை கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள். 1998இல் நாடாளுமன்றம் சாலைக்குப் பதிலாக 3.75 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் வாங்கிய ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்றணையில் நீர்மேல் ஓடும் ஊர்தி, நீடிக்கவில்லை. 2009இல் ஒருவழி சரளைச் சாலைக்கு, வணிகத்துக்குப் பயன்படக் கூடாது என்ற நிபந்தனையோடு, காப்பிட நிலத்தை வேறு நிலத்துக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்தார்கள். 2013இல் உள்துறை அமைச்சகம் மறுத்தது. பிறகு வழக்குகள். கருப்பு பிராண்ட் வாத்துகளில் ஏறக்குறைய எல்லாமே வந்து இரை எடுக்கும் காயல் அந்தக் காப்பிடத்தில்தான் இருக்கிறது. எதிர்ப்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. உயிரைச் சொல்லித் திறக்கும் சாலை நாளை வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்ற அவர்களின் கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்விக்குச் சட்டத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். பழைய தடத்தில் மட்டும் சாலை, சாதாரண நாளில் பூட்டு, யார் உத்தரவில் திறக்கும், சாவி யாரிடம், பாலம் எவ்வளவு எடை தாங்க வேண்டும், பராமரிப்புச் செலவு யாருடையது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான வரைவுகள் என் மேசைக்கு வருகின்றன. எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும் இந்த மங்கல்தான் பெரும்பாலும் காரணம்.

உங்கள் ஊரும் இப்படிக் காட்டை ஒட்டியது என்றால், தீக்காலம் தொடங்குவதற்கு முன் அந்தக் கோட்டின் கடைசிவரை போய்ப் பார்க்கச் சொல்லி உள்ளாட்சியையும் நில அலுவலகத்தையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

நாங்கள் பார்த்த அந்தக் கேட்டில் இப்போது ஒரே சங்கிலியில் இரண்டு பூட்டுகள் கோர்த்திருக்கின்றன. ஒன்று நில அலுவலகத்துடையது, இன்னொன்று தீயணைப்பு நிலையத்துடையது. எதைத் திறந்தாலும் கேட் திறக்கும். சிறுபாலத்துக்கான பணம் இன்னும் வரவில்லை.