லினக்ஸ் பூட் ஆகவில்லையா? ரீஇன்ஸ்டாலுக்கு முன் திரையைப் படியுங்கள்

லினக்ஸ் கணினி கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் பலரும் உடனே இன்ஸ்டால் பென்டிரைவைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலான நேரங்களில் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். ரீஇன்ஸ்டாலின்போது தவறான பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) ஃபார்மட் செய்துதான் பலர் அவற்றை இழக்கிறார்கள். பூட் எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லும். முதலில் அதை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கிரப் ரெஸ்க்யூ" என்று நின்றால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்புக்குத் தன் மாட்யூல்கள் (துணைக் கோப்புகள்) இருக்கும் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸிலிருந்து பார்ட்டிஷனை அழித்தால் இப்படி ஆகும். லினக்ஸ் பார்ட்டிஷன் அழியாமல் இருந்தால், லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவில்) பூட் செய்து கிரப்பை மட்டும் மீண்டும் நிறுவலாம்.

அதிகம் பார்ப்பது "எமர்ஜென்சி மோட்". 90 விநாடி காத்திருந்துவிட்டு அங்கே போய் விழுந்தால், முதலில், எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்-டேப் கோப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய ஹார்டு டிஸ்க்கின் வரியோ, ஃபார்மட் செய்ததால் செல்லாமல்போன பழைய யூயூஐடியோ (பார்ட்டிஷனின் அடையாள எண்) அதில் இருக்கும். அந்த டிஸ்க் வருமென்று, பூட்டை நடத்தும் நிரலான சிஸ்டம்-டி காத்திருக்கிறது. வராவிட்டால் பூட்டையே நிறுத்திவிடுகிறது. பிஎல்கே-ஐடி கட்டளை காட்டும் எண்ணோடு கோப்பில் உள்ளதை ஒப்பிட்டுத் திருத்துங்கள், அல்லது அந்த வரியின் முன்னால் ஹேஷ் குறி போடுங்கள். சேமிக்க விடாவிட்டால் ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பகுதி) படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது இணைக்கப்பட்டிருக்கிறது. எழுதும் வகையில் ரீமவுண்ட் செய்துவிட்டுத் திருத்துங்கள். எஃப்எஸ்-டேப்பில் வெளி டிஸ்க்குகளின் வரியில் "நோஃபெயில்" சேர்த்துவிட்டால் அவை இல்லாவிட்டாலும் பூட் நடக்கும். எஃப்எஸ்-டேப்பைத் தொட்டால், ரீபூட்டுக்கு முன் "மவுண்ட் மைனஸ் ஏ" கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு கெர்னல் பேனிக் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நின்றுபோவது) வந்து, ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை, "அன்நோன் பிளாக் 0,0" என்றால், புது கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை மவுண்ட் செய்ய உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) உருவாகவில்லை என்பதே வழக்கமான காரணம். தனி பூட் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு அது நிரம்பிவிடும்போது இது நடக்கும். கணினி தொடங்கும்போது, யூஇஎஃப்ஐ (புதிய வகைத் தொடக்க மென்பொருள்) உள்ள கணினியில் எஸ்கேப்பும் பழைய பயாஸில் ஷிஃப்டும் அழுத்தினால் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். உபுண்டு, டெபியனில் ஏபிடி ஆட்டோரிமூவ் மூலம் தேவையற்ற கெர்னல்களை நீக்கி இடம் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கி, கிரப்பையும் அப்டேட் செய்யுங்கள். கையால் கெர்னலை நீக்குவதானால், "யூநேம் மைனஸ் ஆர்" காட்டும் கெர்னலைத் தொடாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

அடைப்புக்குறிக்குள் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று காட்டி, அதன் பக்கத்தில் கர்சர் நின்றால் நிதானம் தேவை. மின்தடையில் ஃபைல்சிஸ்டம் குலைந்திருந்தால் அதைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்; அங்கே ரூட் மவுண்ட் ஆகாததால் அதை ஓட்டுவதும் பாதுகாப்பானதே. ஆனால் அதற்கு முன் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "ஐஓ எரர்" (டிஸ்க்கைப் படிக்க, எழுத முடியாத பிழை) வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கேபிள் சரியாகச் செருகியிருந்தும் அவை தொடர்ந்தால், டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று எஃப்எஸ்சிகே ஓட்டினால் மீட்கக்கூடிய தரவும் போய்விடலாம். லைவ் யுஎஸ்பியில், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொடுத்து, ஹார்டு டிஸ்க்கானால் "கரன்ட் பெண்டிங் செக்டர்" (படிக்கச் சிரமப்படும் இடங்கள்) எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் ரிப்பேரை ஒத்திவைத்து, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்து, எஃப்எஸ்சிகேயை அந்தப் பிரதியில் ஓட்டுங்கள். டிடிரெஸ்க்யூவில் முதலில் எழுதுவது பழைய டிஸ்க், அடுத்தது புதியது. என்டர் தட்டும் முன் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்-பிளாக் காட்டும் கொள்ளளவை வைத்து இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.