சூடாகத் தந்தாலும் போகாத நஞ்சு

மாலை நேர ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில், அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பாத்திரத்தில் மதியம் வடித்த சோறு குவிந்திருக்கும். சுடுசோற்றை வாணலியில் போட்டுப் புரட்டினால் குழைந்துவிடும். ஃப்ரைட் ரைஸ் உதிரி உதிரியாக வர ஆறிய சோறுதான் சரி. எப்போது வடித்தது என்று கேட்டால், ‘நல்லா சூடு பண்ணித்தானே சார் தர்றோம்’ என்று பதில் வரும். நாமும் நம்பிச் சாப்பிடுகிறோம். இந்த நம்பிக்கைதான் ஆபத்து.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு சேர்ந்தே சமையலறைக்கு வந்துவிடும். சூழல் கெட்டால் அது கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். மழைக்காகக் காத்துக் கிடக்கும் விதை மாதிரி. இந்த நிலையில் அதற்கு ஸ்போர் என்று பெயர். கொதிக்கும் உலையிலும் ஸ்போர் பிழைத்துவிடும். சோறு ஆறி வெதுவெதுப்பானதும் விழித்துப் பெருகத் தொடங்கும். இந்த பாக்டீரியாவின் சில வகைகள் சோற்றிலேயே செரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கின்றன. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது சிதைவதில்லை. பிரஷர் குக்கரே ஏறக்குறைய அந்த வெப்பத்தைத்தான் எட்டும். வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் பாக்டீரியா சாகலாம், நஞ்சு அப்படியே தட்டுக்கு வரும். பெரும்பாலும் வாடையோ புளிப்போ இருக்காது என்பதால் நாக்கும் மூக்கும் கைகொடுக்காது. 1970களில் பிரிட்டனில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வந்த வாந்தியை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கோளாறு தெளிவாகத் தெரியவந்தது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உணவு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் ஊரின் சாதாரண வெயிலே போதும். பெரிய பாத்திரத்தில் மேல்சோறு ஆறிய பிறகும் நடுவில் உள்ளது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். தோதான சூழலில் பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு பாக்டீரியா ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். சோற்றை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை, அதனால்தான் செய்யாத கடைகள்மேல் கோபம் வருகிறது.

அடுத்தது கை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் ஒருவரின் மூக்கில் இருக்கிறது. மூக்கைத் தொட்ட கை, ஆறாத வெட்டுக்காயமுள்ள விரல் வழியாக அது உணவுக்குள் போகும். அதன் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கும். தேங்காய்ச் சட்னியில் ஈரமும் புரதமும் உண்டு, அரைத்த பிறகு அடுப்பில் வைப்பதும் இல்லை. காலையில் மிஞ்சியதன் மேலேயே புதுச்சட்னியை ஊற்றிக் கலக்கினால் பழைய கிருமிகளுக்குப் புது உணவு கிடைத்த கணக்குதான். நாள் முழுக்க ஒரே வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழியும் மேசைத் துணியும் ஒரு மேசைக் கிருமியை எல்லா மேசைக்கும் கொண்டுபோகும்.

சாப்பிட்ட பிறகு உடம்பு படுத்தினால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், உணவிலேயே உருவான நஞ்சைச் சந்தேகிக்கலாம். அரை நாளுக்கு மேல் கழித்துக் காய்ச்சலோடு பேதி என்றால், சால்மோனெல்லா போல உயிரோடு உள்ளே போன கிருமியாக இருக்கலாம். அப்போது முந்தைய வேளைகளில் சாப்பிட்டதையும் யோசிக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ குடித்த தண்ணீரும் தங்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் புகார் செய்யலாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், முகவரி, பில், படம், எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வாந்தி தொடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடையில் மாட்டியிருக்க வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சான்றிதழில் உள்ள 14 இலக்க எண்ணையும் சேர்த்தால், அதிகாரிகள் கடையை அடையாளம் காண்பது சுலபம்.