சின்ன இரைப்பையில் 60 கிராம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து எட்டாவது வாரம். அக்காவுக்கு 16 கிலோ குறைந்திருந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுந்தாள். தண்ணீர் ஊற்றிய குக்கரை அடுப்பில் ஏற்றி வைக்க என்னைக் கூப்பிட்டாள். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. டயட்டீஷியன் அப்படி விட்டுவிடவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கூட்டிப் பார்த்தார். ஒரு இட்லி, இரண்டு டம்ளர் பால், கொஞ்சம் பருப்பு சாதம், கொஞ்சம் தயிர் சாதம், இளநீர். எல்லாம் சேர்ந்து 25 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. வேண்டியதோ ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம்.

அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிற முறை. மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்கிற இடம், அதாவது ஒரு காபி டம்ளர். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு முறை என்றால் இன்னும் சிறிது. இரண்டு மேசைக்கரண்டி கொள்கிற ஒரு பையைப் பிரித்து, சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் 1966-ல் இதைத் தொடங்கி வைத்தார். ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிற பகுதியும் வெட்டிய பாகத்தோடு போய்விடுகிறது. அதனால் இடம் குறைவது மட்டுமல்ல, சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே குறைகிறது. எடை இறங்குவதற்கு அது பெரிய உதவி. புரதத்துக்கோ அதுவே இடைஞ்சல்.

உடம்பு கொழுப்பைக் கிலோ கிலோவாகச் சேர்த்து வைக்கும். சர்க்கரையைக்கூட கல்லீரலிலும் தசையிலும் அரை கிலோ அளவுக்குக் கிளைக்கோஜனாக வைத்திருக்கும். புரதத்துக்கு மட்டும் கிடங்கு கிடையாது. உடம்பில் இருக்கும் புரதம் எல்லாமே ஏதோ ஒரு வேலையில் இருப்பது. தசையாக, என்சைமாக, ரத்தத்தில் ஆல்புமினாக, நோயெதிர்ப்புப் பொருளாக. தட்டில் புரதம் வரவில்லை என்றால், வேலை செய்துகொண்டிருக்கும் இடத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். விறகு தீர்ந்த வீட்டில் கூரையின் கைமரத்தை உருவி அடுப்பில் வைக்கிற கதை.

இவ்வளவு கொழுப்பு இருக்கும்போது தசையை ஏன் தொட வேண்டும் என்று நானும்தான் கேட்டேன். காரணம் மூளை. அது ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கொழுப்பின் பெரும்பகுதியான கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடம்பால் முடியாது. புரதம் உடைந்து கிடைக்கும் அமினோ அமிலங்களை மாற்ற முடியும். கல்லீரல் அந்த வழியில் போகிறது. 1960-களில் ஜார்ஜ் கேஹில் என்ற அமெரிக்க ஆய்வாளர் பட்டினி இருந்தவர்களின் உடலை நாள்கணக்கில் அளந்து பார்த்தார். முழுப் பட்டினியின் முதல் சில நாட்களில் தினம் 75 கிராம் அளவுக்குப் புரதம் கரைகிறது. தசையில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக அது நாளொன்றுக்கு 350 கிராமுக்கு மேற்பட்ட தசை. சில வாரங்களில் மூளை கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களுக்குப் பழகிவிடுகிறது, இழப்பும் 20 கிராம் அளவுக்கு இறங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் முழுப் பட்டினியில் இல்லைதான். ஆனால் முதல் மாதங்களில் அவர்கள் சாப்பிடுவது அதற்கு ரொம்பத் தூரத்திலும் இல்லை. போதாததற்கு, உள்ளே தைத்த காயம் ஆறுவதற்கும் புரதம் வேண்டும்.

எடை மெஷினில் கொழுப்புக் கிலோவும் தசைக் கிலோவும் ஒன்றுபோலத்தான் தெரியும். குறைகிற எடையில் கொஞ்சம் தசை போவதை முழுக்கத் தடுக்க முடியாது. குறைத்துக்கொள்ள முடியும். சும்மா இருக்கும்போதும் கலோரியை எரிக்கிற சதை அது. நிறைய போய்விட்டால் பிற்பாடு எடை திரும்ப ஏறுவதும் சுலபமாகிவிடும்.

குடலை மாற்றி வைத்துவிட்டார்கள், சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்று பலர் சொல்வார்கள். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகிற சில முறைகளில் அது உண்மை. அவர்களுக்கு 60 கிராம் போதாது, கூடுதலாக வேண்டும். ஆனால் ஸ்லீவிலும் வழக்கமான பைபாஸிலும் பற்றாக்குறைக்குப் பெரிய காரணம் வேறு. உள்ளே போவதே குறைவு. புரதத்தைச் செரிக்கக் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் போன்ற என்சைம்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சரி, பருப்பு சாதம் சாப்பிட்டாளே, அது என்ன ஆயிற்று? இந்த இடத்தில் நம் சமையலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு சாம்பார் வைக்க 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22 கிராம் புரதம். தண்ணீர், புளி, காய் எல்லாம் சேர்ந்து ஒரு பாத்திரம் ஆகிவிடும். ஒரு கரண்டியில் வருவது இரண்டு மூன்று கிராம்தான். அரிசியில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுகட்டுகிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி தருகிறது. அருமையான ஜோடி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு தட்டு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் போட்டது. காபி டம்ளர் வயிற்றில் முதல் ஐந்து வாய் சோறாகப் போய்விட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அதற்கு மேல் போனால் வாந்தி.

எனவே புரதம் செறிந்திருக்கும் பொருளாகப் பார்த்து அதை முதலில் சாப்பிட வேண்டும். டயட்டீஷியன் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த நாள் இப்படி இருந்தது. காலையில் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும், 9 அல்லது 10 கிராம். பதினொரு மணிக்கு 150 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பால் திரிந்த தெளிநீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), 25. மதியம் முள் நீக்கிய மீன் 60 கிராம், 12. பிறகு அரைக் கிண்ணம் தயிர், 3. மாலையில் நன்றாக வெந்த சுண்டல் ஒரு கைப்பிடி, 4. இரவு 40 கிராம் பனீர், 7. கூட்டினால் 60-ஐத் தொடும். சைவக்காரர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாக பனீர், சோயா, கெட்டித் தயிர் என்று போகலாம். பவுடர் அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயமாகிவிடும்.

பவுடர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஹெல்த் டிரிங்க் என்று விற்பதில் பாதிக்கு மேல் மாவும் சர்க்கரையுமாக இருக்கும். பைபாஸ் ஆனவர்களுக்கு அந்தச் சர்க்கரை படபடப்பையும் வியர்வையையும் கொண்டுவரும். கொலாஜன் பவுடரில் டிரிப்டோஃபன் என்ற அவசியமான அமினோ அமிலமே கிடையாது, அதை மட்டும் நம்பக் கூடாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே ஐசொலேட் வயிற்றைத் தொந்தரவு செய்யாது, அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த அளவையும் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது அக்கா அழுதாள். வேகமான எடையிழப்பும் அறுவையின் அதிர்ச்சியும் வேர்களை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகின்றன. அந்த முடி சில மாதம் கழித்து உதிரும், பெரும்பாலும் திரும்ப வளரும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் புரதம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் சோதிக்க வேண்டும். ஆல்புமின் டெஸ்ட் நார்மல் என்று மட்டும் வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே 20 நாள் அளவுக்கு ஆகும். தசை கரையத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் அந்த எண் இறங்கும். கால் வீங்கினாலோ, வாந்தி நாள்கணக்கில் நீடித்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இன்னொன்று, சாப்பிடுவதோடு தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். முதல் நாள் அக்காவால் இரண்டு முறைதான் முடிந்தது.

இப்போது ஆறாவது மாதம். பத்தை முடித்துவிட்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் ஐந்து செய்கிறாள். மதியத் தட்டில் முதலில் மீன், பிறகு தயிர், இடம் இருந்தால் இரண்டு வாய் சோறு. "ஒரு கரண்டி ரசம் சாதமாவது போட்டுக்கோடி" என்று அம்மா பக்கத்தில் நிற்பார். "மீன் முடியட்டும்மா" என்பாள்.