கைலியைத் தூக்கிப் பிடிக்கும் தசை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும்போது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்துவிட்டதாம். பல வாரம் கட்டோடு கிடந்து எலும்பும் கூடிவிட்டது. முழங்கால்தான் பாதிகூட மடங்கவில்லை. “யாரோ செய்து வைத்துவிட்டார்கள், தாயத்து கட்டு என்கிறார் அம்மா. எலும்பு சேர்ந்த பிறகும் கால் ஏன் மடங்கவில்லை?” என்று கேட்கிறார்.

தொடையின் முன்னால் இருக்கும் நாற்றலைத் தசை, முழங்கால் சில்லை மேலே இழுத்துக் காலை நீட்டுகிறது. இது பள்ளியில் படித்ததுதான். அதையும் விலக்கிவிட்டு உள்ளே போனால், தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் சில மெல்லிய தசைக் கற்றைகள் ஒட்டியிருக்கும். பெயர் ஆர்டிகுலாரிஸ் ஜெனுஸ். கற்றைகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும்.

தசை என்றால் எலும்பை இழுக்கும் என்றுதானே நினைப்போம்? இது இழுப்பது ஒரு பையை. மூட்டின் உட்சவ்வு, சில்லுக்கு மேலே சுமார் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பையாக ஏறியிருக்கிறது. காலை மடக்கினால் சில்லு கீழே இறங்கும், பை விரிந்து இடம் கொடுக்கும். நீட்டினால் சில்லு மேலே வரும், பை தளர்ந்து மடிப்பு விழும். அந்த மடிப்பு சில்லுக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டால்? சைக்கிள் மிதிக்கும்போது சங்கிலியில் சிக்காமல் இருக்கக் கைலியைத் தூக்கிச் செருகிக்கொள்வோமே, அந்த வேலையைத்தான் இந்தத் தசை செய்கிறது. நாற்றலைத் தசைக்கு வரும் தொடை நரம்பே இதற்கும் வருகிறது. பெரியது சில்லை இழுக்கும்போதே சின்னது சவ்வை மேலே ஏற்றிவிடும். உதிரிப் பழம் பொறுக்கக் குந்தி எழும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று, காலை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூட்டில் நீர் கோத்தால் சில்லுக்கு மேலே புடைப்பதும் இந்தப் பை நிறைவதால்தான்.

சரி, தம்பியின் காலுக்கு வருவோம். முறிவில் கசிந்த ரத்தத்தோடு கால் அசையாமல் கிடந்தால், பையின் இரு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பை விரியாது, சில்லுக்கு இறங்க வழியிருக்காது. பெரிய தசையே எலும்போடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. எதுவானாலும், தாயத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒட்டல் இறுகிப்போகும். அதனால்தான் எனக்கு இந்தச் செய்வினைப் பேச்சு மேல் அத்தனை கோபம். உண்மைக் காரணம் தெரிந்தால்தான் இந்தப் பேச்சு அடங்கும்; அதனால் இப்படிப்பட்ட சின்னத் தசைகளை அறுத்துப் பார்த்து ஆராய்வதற்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

தம்பி, முதலில் எலும்பு மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் காட்டுங்கள். அவர்கள் சரி என்றால், காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். மடக்கும் பயிற்சியையும் அவர்களே படிப்படியாகக் கற்றுத் தருவார்கள். அதற்கும் மசியாவிட்டால், பைக்குள் இருக்கும் ஒட்டலைப் பெரும்பாலும் சிறு துளை வழியே கருவி விட்டுப் பிரித்துவிட முடியும்.