கார்ஸ்ட் பாக்சைட்டுக்குச் 'சுண்ணாம்பு' பொருந்தாது

போன மாதம் திருத்தக் கொடுத்த ஒரு பாடக்குறிப்பில் நான்கு இடத்தில் 'சுண்ணாம்பு பாக்சைட்டு' என்று இருந்தது. பாக்சைட்டு அலுமினியத் தாது. அதில் ஒரு வகையான கார்ஸ்ட் பாக்சைட்டைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். இதற்கு முன்பும் பல மொழிபெயர்ப்புகளில் பார்த்துச் சலித்த சொல் இது. படிப்பவரைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போகிறது.

பாக்சைட்டு, கார்ஸ்ட் இரண்டுமே இடப்பெயர்கள். தெற்கு பிரான்சின் லெ போ என்ற ஊரில் கிடைத்த செந்நிறத் தாதுவை 1821இல் பியர் பெர்தியே ஆய்ந்து, அதில் அலுமினியம் மிகுதி என்று கண்டார். ஊர்ப்பெயர் தாதுவின் பெயராயிற்று. ஸ்லொவேனியா, இத்தாலி எல்லையில் உள்ள கிராஸ் பீடபூமிக்கு ஜெர்மனில் கார்ஸ்ட் என்று பெயர். மழைநீர் சுண்ணாம்புக்கல் போன்ற பாறையைக் கரைத்துக் குழியும் குகையுமாக ஆக்கிய எந்த நிலத்துக்கும் இப்போது அதுவே பெயர். அப்படிப்பட்ட நிலத்தின் குழிகளில் கிடப்பது கார்ஸ்ட் பாக்சைட்டு. லெ போவின் தாதுவும் இந்த வகைதான்.

சரி, சுண்ணாம்பு என்றால் என்ன கெட்டுப்போயிற்று? சுண்ணாம்புச் சாந்து என்றால் சுண்ணாம்பு கலந்த சாந்து. அதே பழக்கத்தில் படிப்பவர், இந்தத் தாதுவிலும் சுண்ணாம்பு இருக்கிறது, அல்லது சுண்ணாம்பிலிருந்து இது வந்தது என்றே எண்ணுவார். என் மேசையில் ஒரு துண்டு பாக்சைட்டு இருக்கிறது. செங்கல் நிறம், உள்ளே பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாக மணிகள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சும்மா ஊறிக்கொள்கிறது. பக்கத்தில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லில் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது.

வந்த வழியையும் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லில் கரையாத கசடு நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் மண் சேர நூறு மீட்டர் பாறை கரைய வேண்டும். ஜமைக்காவின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மிகத் தூய்மையானது. அதனால்தான் அங்கே அலுமினியத்தைக் கொண்டுவந்தது எரிமலைச் சாம்பல் என்று பல புவியியலாளர்கள் வாதாடுகிறார்கள். எங்கிருந்து வந்த மண்ணானாலும் குழியில் தங்கி, காலங்காலமாக மழையில் அலசப்படுகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போகின்றன. சிலிக்காவும் பெருமளவு போகிறது. அலுமினியம், இரும்பு, டைட்டானியம் தங்குகின்றன. அடிப்பாறையின் வெடிப்புகள் வழியே தண்ணீர் தேங்காமல் இறங்குவதால்தான் இந்த அலசல் நடக்கிறது. மேலிருந்து இறங்கும் அமிலநீர் அடியில் பாறையைத் தொட்டதும் காரத்தன்மை பெறுகிறது. அதனால் நிக்கலும் அருமண் தனிமங்களும் அந்த அடிவிளிம்பில் படிந்து செறிகின்றன. கிரீஸின் பர்னாசஸ் மலைப்பகுதித் தாதுவில் இதைப் பார்க்கலாம். ஆக, அடியில் உள்ள பாறை பாத்திரமாகவும் வடிகாலாகவும் வேலை செய்கிறது. அதைத் தாய்ப்பாறை என்று சொல்லிவிட முடியாது. நம் கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் கதை வேறு. அங்கே அடியிலுள்ள சார்னோகைட்டு என்ற கடினப் பாறையே சிதைந்து பாக்சைட்டு ஆகியிருக்கிறது.

இன்னொன்று. ஹங்கேரியின் கான்ட் ஊரில் பாக்சைட்டு கிடப்பது டோலமைட்டு என்ற மக்னீசியம் மிகுந்த பாறையின் மேல். அங்கே 'சுண்ணாம்பு' அடிப்பாறைக்கே பொருந்தவில்லை.

சிலர் ஒலியொப்புமை பார்த்துக் 'கரட்டுப் பாக்சைட்டு' என்கிறார்கள். மதுரைப் பக்கம், கொங்குப் பக்கம் கரடு என்றால் மொட்டைப் பாறைக் குன்று. அந்தப் பாறையில் மழை வழிந்தோடும், சுனையில் தேங்கும். கார்ஸ்ட் நிலத்தில் தண்ணீர் தரைக்குள் மறைந்துவிடும். நேர் எதிரான நிலத்தின் பெயரை எடுத்து ஒட்டலாமா?

நான் எழுதுவது 'கரைகுழிப் பாக்சைட்டு'. கிணற்றுத் தண்ணீர் என்றால் தண்ணீர் கிணற்றால் ஆனது என்று யாரும் நினைப்பதில்லையே, அதுபோல இதுவும் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. கரைகுழி வினைத்தொகை. கரைந்த, கரைகிற, கரையும் குழி என்று முக்காலமும் அதில் அடங்கும். பாறையும் இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்றங்கரைக் குழியோ என்று முதல்முறை மயங்கலாம். ஒரு வரி விளக்கம் போதும். பாக்சைட்டை மட்டும் மாற்ற மாட்டேன். ஊர்ப்பெயருக்குத் தமிழாக்கம் எதற்கு?

மொழிபெயர்ப்பவர்களிடம் என் ஆதங்கம் இதுதான்: அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிடுகிறார்கள், கல் எப்படி உண்டானது என்று ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை. அந்தப் பாடக்குறிப்பில் மூன்று இடத்தில் என் திருத்தத்தை ஏற்றார்கள். தலைப்பில் பழையதே நிற்கிறது. மாற்றச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறேன்.